காட்டோரத்தில் ஒரு புதுச் செடி: பெயர் வைக்கும்வரை என்னென்ன செய்ய வேண்டும்?

"அண்ணே, கொடிமலை ஜீப் ரோட்டுல ஒரு செடி பார்த்தேன். ஆப்புல போட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேரு சொல்லுது. புதுசா இருக்குமோ?" படத்தோடு இப்படிக் கேட்கும் தம்பி தங்கைகள் பினாங்கில் கூடிக்கொண்டே போகிறார்கள். சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வி இல்லை. பிகோனியா, இஞ்சிக் குடும்பம், ஈரப்பாறையில் ஒட்டி வளரும் சிறு செடிகள் என்று தீபகற்ப மலேசியாவில் இன்றைக்கும் புதிய இனங்கள் விவரிக்கப்பட்டு வருகின்றன. ஆனால் இந்தக் கேள்விக்கும் லத்தீன் பெயர் அச்சில் ஏறுவதற்கும் நடுவில் இருக்கும் வேலை வெளியில் தெரிவதில்லை. காட்டில் செய்வது அதில் சின்னப் பங்கு. மீதியெல்லாம் மேசை வேலை: பழைய உலர்ந்த செடிகளைப் பக்கத்தில் வைத்து, உங்கள் செடி அவற்றில் எதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டுவது. இதைத் தெரிந்துகொண்டு இறங்குகிறவர்கள் பாதியில் விடுவது குறைவு.

இது தாவரவியல் பட்டம் இல்லாத ஆர்வலர்களுக்கும் முதலாண்டு மாணவர்களுக்கும் எழுதியது. நடுவில் ஐரோப்பிய மலைக்காட்டோரங்களில் வளரும் ஹியராசியம் என்ற மஞ்சள் பூச்செடியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன். நம் ஊர்க் காட்டில் அது கிடையாது. இருந்தாலும் ஒரு செடியை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடைப்பது கஷ்டம்.

முதலில் களையா என்று பாருங்கள்

காட்டோரத்தில் வெளிச்சம் உண்டு, மண்சரிவு உண்டு, ஆள் நடமாட்டமும் உண்டு. அதனால் அபூர்வமான செடிகளும் அங்கே பிழைக்கும், வெளியூர்ச் செடிகளும் முதலில் அங்கேதான் நுழையும். கொடிமலையில் இது இரட்டிப்பு உண்மை. வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்களில் ஆசை ஆசையாக நட்ட அலங்காரச் செடிகள் வேலியைத் தாண்டி, சாக்கடையோடு இறங்கி, பாதையோரம் நெடுகப் பரவியிருக்கின்றன. அது போக, நாம் சின்ன வயதிலிருந்து பார்க்கும் வெட்டுக்காயப் பூண்டே அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததுதான். கறுநீலப் பழமும் முடி நிறைந்த இலையுமாகப் புதர் புதராக நிற்கும் கிளிடீமியாவும் அங்கிருந்து வந்த விருந்தாளி.

ஆகவே செடியைக் கண்டவுடன் சுற்றிலும் நடந்து பாருங்கள். பாதையிலிருந்து சில அடிக்குள் மட்டும் இருக்கிறதா, உள்ளே நிழலிலும் இருக்கிறதா? மேலே தோட்டம் ஏதும் உண்டா? ஒன்றே ஒன்று நிற்கிறதா, குட்டிச்செடி, பூத்தது, காய்த்தது என்று ஒரு கூட்டமாக இருக்கிறதா? ஒற்றைச் செடி விநோதமாக இருந்தால் பெரும்பாலும் நோயோ, பூச்சி கடித்ததோ, கலப்போ ஆக இருக்கும். கூட்டமாக, எல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் மேற்கொண்டு போகலாம்.

இன்னொன்று: வெயிலில் வளர்ந்ததும் நிழலில் வளர்ந்ததும் ஒரே இனத்திலேயே அண்ணன் தம்பி மாதிரிகூட இருக்காது. இலை அளவை வைத்து மட்டும் "புதுசு" என்று முடிவுகட்டினால் சீக்கிரமே ஏமாற்றம்தான்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றுவது நல்ல பழக்கம். ஆனால் ஆர்க்கிட், கெண்டிச்செடி, அழகான இலையுள்ள பிகோனியா என்றால் இடத்தை மறைத்துப் போடுங்கள். செடி திருடுகிறவர்களும் அந்தத் தளங்களைப் பார்க்கிறார்கள்.

பெர்மிட்

நிறைய பேர் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். தள்ளினால் பின்னால் கட்டுரையே வெளிவராமல் போகும், ஏனென்றால் நல்ல ஆய்விதழ்கள் அனுமதி எண்ணைக் கேட்கும்.

நிரந்தரக் காப்புக் காட்டுக்குள் போகவும் அங்கிருந்து எதையும் எடுக்கவும் 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தின்படி மாநில வன இலாகாவின் அனுமதி வேண்டும். நம் நாட்டில் காடு மாநில அரசின் கையில் இருப்பதால் பினாங்கில் வாங்கியது சிலாங்கூரில் செல்லாது. நீர்ப்பிடிப்புப் பகுதியாக இருந்தால் அதற்குப் பொறுப்பானவர்களிடமும் தனியாகக் கேளுங்கள். இது தவிர 2017-ல் இயற்றி 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த உயிரியல் வளங்கள் சட்டம், அதாவது சட்டம் 795, ஒன்று இருக்கிறது. ஆய்வுக்காகச் செடியையோ அதன் மரபணுவையோ எடுப்பதும், வெளிநாட்டுக்கு அனுப்புவதும் அதற்குள் வரும். ஆர்க்கிட், கெண்டிச்செடி என்றால் அபூர்வ உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் சேர்ந்துகொள்ளும்.

தனியாள் இதையெல்லாம் அலைந்து வாங்குவது சிரமம். ஒரு நிறுவனத்தோடு சேர்ந்துகொள்வதே நடைமுறைக்கு ஒத்து வரும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், அதையொட்டி கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகம். மூன்று இடத்திலும் உலர்ந்த செடிகளைச் சேமித்து வைக்கும் ஹெர்பேரியம் இருக்கிறது. "இந்தக் குடும்பத்தை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டு, நான்கு தெளிவான படங்களோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பூவின் முன்பக்கம், பக்கவாட்டு, இலையின் அடிப்பக்கம், முழுச்செடி. "புதிய இனம் கண்டுபிடித்துவிட்டேன்" என்று தலைப்பு போடாதீர்கள். "அடையாளம் காண உதவி வேண்டும்" என்று போட்டால் பதில் வரும்.

காட்டில்

அனுமதி வந்த பிறகு, எத்தனை எடுப்பது என்பதே முதல் கேள்வி. இருபது செடிக்கு ஒன்றுக்கு மேல் எடுக்காதே என்ற கணக்கைப் பலர் பின்பற்றுகிறார்கள். கூட்டமே சிறியதாக இருந்தால் வேரோடு பிடுங்காமல் ஒரு கிளையும் ஒரு பூங்கொத்தும் போதும்.

எடுத்தால் முழுமையாக எடுக்க வேண்டும். பூ மட்டும், இலை மட்டும் கொண்டுவந்தால் பயனில்லை. சிறு செடியென்றால் நிலத்தடியில் கிழங்கா, ஓடுதண்டா என்று தெரிய வேண்டும். அடியிலை வேறு, மேலிலை வேறாக இருக்கலாம். பூவும் காயும் ஒரே மாதத்தில் கிடைக்காது. அப்படியென்றால் இரண்டு முறை போக வேண்டியதுதான்.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண். அந்த எண்ணை வாழ்நாளில் இன்னொரு மாதிரிக்குக் கொடுக்கக் கூடாது. இந்த ஒழுங்கு ஆரம்பத்தில் அசட்டுத்தனமாகத் தோன்றும். பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவர் உங்கள் எண்ணைக் குறிப்பிட்டு எழுதும்போதுதான் அருமை புரியும். ஒரே சமயத்தில் ஒரே கூட்டத்திலிருந்து எடுத்த பிரதிகளுக்கு மட்டும் ஒரே எண் போடலாம்.

நோட்டில் பென்சிலால் எழுதுங்கள். மழை வந்தால் பேனா மை ஓடிவிடும், இங்கே மழை வராத நாள் ஏது? எதை எழுதுவது என்றால், காய்ந்த பிறகு காணாமல் போகிற அனைத்தையும். மாதிரிக்கு ஒன்று:

"பினாங்குத் தீவு, மலைப்பாதையின் மேல்புறச் சரிவு, ஈரமான கிரானைட் பாறை, அரை நிழல், சுமார் 640 மீட்டர் உயரம். செடி 30 செ.மீ., கிளை இல்லை. தண்டு செம்பழுப்பு, முறித்தால் பால் வரவில்லை. இலை மேலே கரும்பச்சை, அடியில் ஊதா. பூ வெளிர் ஊதா, தொண்டைக்குள் இரண்டு மஞ்சள் கோடு, மணம் இல்லை. நாற்பது ஐம்பது செடிகள், பாதி பூத்திருந்தன. பக்கத்தில் பாசி, சிறு பெரணி."

இதில் உயரமும் இடமும் படத்திலிருந்து பிறகுகூட எடுத்துக்கொள்ளலாம். பால், மணம், தொண்டைக்குள் இருந்த மஞ்சள் கோடு மூன்றும் அன்றைக்கு எழுதாவிட்டால் போனது போனதுதான். நிறத்தை "இளஞ்சிவப்பு" என்று ஒரே சொல்லில் முடிக்காமல் இதழின் நடு, ஓரம், பின்பக்கம் என்று பிரித்து எழுதுங்கள். ஜிபிஎஸ் எண்களைக் கைப்பேசியில் மட்டும் நம்பி வைக்காமல் நோட்டிலும் எழுதிவிடுங்கள்.

படம் எடுக்கும்போது பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்கேல் வையுங்கள். பூவை நெடுக்காகப் பிளேடால் இரண்டாக வகிர்ந்து ஒரு படம். இந்த ஒரு படம் பல சமயம் முழுக் கட்டுரையையும் தூக்கி நிறுத்தும்.

காய வைப்பது

மலைச்சாரலில் சேகரித்த செடியை நம் ஊர் ஈரப்பதத்தில் காய வைப்பது தனிக் கலை. நேரம் பிந்தினால் ஒரே இரவில் பூஞ்சை பிடித்து, இலை கறுத்து, மூட்டு மூட்டாகக் கழன்றுவிடும்.

அழுத்துவதற்கு முன் ஒரு வேலை: மரபணு ஆய்வுக்காக இளம் இலையைச் சிறு துண்டாக்கி, தேநீர்ப்பையிலோ காப்பி வடிதாளிலோ போட்டு, சிலிக்கா ஜெல் நிறைந்த பைக்குள் வையுங்கள். இலையின் எடையைப் போலப் பத்து மடங்காவது சிலிக்கா வேண்டும். ஒரு நாளில் மொறுமொறுப்பாகக் காயாவிட்டால் சிலிக்கா போதவில்லை என்று அர்த்தம். பூ சிலவற்றை 70 விழுக்காடு எத்தனாலில் போட்டுச் சிறு புட்டியில் மூடுங்கள். இஞ்சிக் குடும்பத்துப் பூக்களும் ஆர்க்கிட்டும் அழுத்தினால் அடையாளம் தெரியாத பிசின் ஆகிவிடும், அவற்றுக்குப் புட்டி கட்டாயம்.

அப்புறம் அழுத்தம். பழைய தமிழ் நாளிதழ் தாராளமாகப் போதும். பளபளப்பான விளம்பரத் தாள் மட்டும் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது. இலைகளில் ஒன்றையாவது திருப்பி வைத்து அடிப்பக்கம் தெரியும்படி செய்யுங்கள். பூவை விரித்து வையுங்கள். செடி நீளமென்றால் வி அல்லது என் எழுத்துப் போல மடித்து, ஏ3 தாள் அளவுக்குள் அடக்குங்கள். நாளிதழ்களுக்கு நடுவே நெளிவு அட்டை, மேலும் கீழும் பலகை, இறுக்கிக் கட்ட இரண்டு பட்டை. நிறுவனத்தில் சூடான காற்று அலமாரி இருக்கும். வீட்டிலென்றால் நெளிவு அட்டையின் துளைகள் வழியே விசிறிக் காற்று போகும்படி வைத்து, தாளைத் தினமும் மாற்றுங்கள்.

காட்டிலேயே சில நாள் தங்க நேர்ந்தால், நாளிதழில் சுற்றிய கட்டைக் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்பிரிட் ஊற்றி இறுக மூடிவிடலாம். வாரக்கணக்கில் தாங்கும். நிறம் போகும், மரபணுவும் கெடும், அதனால்தான் சிலிக்கா முதலில் என்று சொன்னேன்.

காய்ந்ததும் ஹெர்பேரியத்துக்குள் நுழையும் முன் ஒரு வாரம் ஆழ்குளிரில் வைப்பார்கள். ஒரே ஒரு வண்டு உள்ளே போனால் நூறு வருஷத்துச் சேகரிப்பைத் தின்று தீர்த்துவிடும்.

பழையவர்களோடு ஒப்பிடுவது

இதுதான் உண்மையான வேலை. அவசரப்படாதீர்கள்.

பினாங்கு 1786-லேயே ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதனால் செடி சேகரிப்பவர்கள் வெகு சீக்கிரமே இங்கே வந்துவிட்டார்கள். வில்லியம் ஜாக் 1819-ல் வந்தார். கல்கத்தா பூங்காவின் நத்தானியல் வாலிக் 1822-ல் வந்தார். 1884-ல் தண்ணீர்மலையை அடுத்த தாவரவியல் பூங்கா உருவானபோது பொறுப்பேற்ற சார்ல்ஸ் கர்ட்டிஸ் மலை மலையாக ஏறிச் சேகரித்தார். பிறகு ஹென்றி ரிட்லி 1922 முதல் 1925 வரை ஐந்து தொகுதிகளில் தீபகற்பத்தின் தாவரங்களைத் தொகுத்தார். இதனால் நமக்கு ஒரு சிக்கல்: உங்கள் செடிக்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே யாரோ பெயர் வைத்து, பின்னால் வந்தவர் அதை இன்னொரு இனத்தோடு சேர்த்து மூடிவிட்டிருக்கலாம். அப்படியானால் புதுப்பெயர் தேவையில்லை, பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தால் போதும். முந்திய பெயருக்கே உரிமை என்பது தாவரப் பெயரிடலின் அடிப்படை விதி, 1753-ல் லின்னேயஸ் வெளியிட்ட நூலிலிருந்து அந்தக் கணக்கு தொடங்குகிறது.

ஆகவே வரிசை இப்படி: முதலில் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்த பெரிய பிரிவு, எது என்று உறுதி செய்யுங்கள். பிறகு அந்தப் பேரினத்தில் மலேசியா, தெற்குத் தாய்லாந்து, சுமத்ரா மூன்றிலும் உள்ள எல்லாப் பெயர்களையும், மூடப்பட்ட பெயர்கள் உட்பட, பட்டியல் போடுங்கள். லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவின் இணையத் தரவுத்தளத்தில் இது இலவசமாகக் கிடைக்கும். எல்லை தாண்டிப் பார்ப்பது முக்கியம், செடிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்வி: முதல் விவரணை எங்கே வந்தது, அதில் என்ன எழுதியிருக்கிறது, அந்தப் பெயருக்கு ஆதாரமான மாதிரி எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது.

அந்த ஆதார மாதிரியைத்தான் டைப் என்பார்கள். பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது அந்த ஒரு காய்ந்த செடியோடுதான். நிறைய டைப் மாதிரிகளின் படங்கள் இணையத்தில் வந்துவிட்டன, பெரிதாக்கி முடி வரை பார்க்கலாம். படத்தில் தெரியாத விஷயம் இருந்தால் கெப்போங்குக்கோ சிங்கப்பூர் பூங்காவுக்கோ நேரில் போய் அலமாரியைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. திறந்து பார்த்தால், நீங்கள் புதுசு என்று நினைத்த அதே செடியை எழுபது எண்பது வருஷத்துக்கு முன் யாரோ எடுத்து, பெயர் தெரியாமல் உறையில் வைத்திருப்பதைக் காணலாம். மனசு கொஞ்சம் சுருங்கும். உண்மையில் அது நல்ல செய்தி: உங்கள் இனத்துக்கு இன்னோர் ஆதாரம் கிடைத்துவிட்டது.

டைப் தொலைந்துபோன கதைகளும் உண்டு. ஜாக்கின் சேகரிப்பில் நிறைய 1824-ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் பயணம் செய்த ஃபேம் கப்பல் தீப்பிடித்தபோது அதோடு போயிற்று. 1943 மார்ச்சில் பெர்லின் ஹெர்பேரியம் குண்டுவீச்சில் எரிந்தது. அதனால்தான் பிரதிகளை வெவ்வேறு நாடுகளுக்கு அனுப்பி வைக்கச் சொல்கிறார்கள்.

ஹியராசியம் கற்றுத்தரும் பாடம்

சூரியகாந்திக் குடும்பம். மஞ்சள் பூத்தலை, முறித்தால் பால், விதைக்கு மேல் உடையக்கூடிய பழுப்பு நிறக் குச்சம். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஐரோப்பாவில் மலைக்காட்டின் ஓரம், பாறை இடுக்கு, சாலை வெட்டிய சரிவு என்று வெளிச்சம் கொஞ்சம் விழும் இடங்களில் வளரும். பிரிட்டனில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஏன் அவ்வளவு? பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை வைக்கின்றன. பல இனங்களின் செல்லில் குரோமோசோம் தொகுதி மூன்று, 27 குரோமோசோம்கள். ஒற்றைப்படையாக இருப்பதால் ஒழுங்கான பாலினச் செல் உருவாகாது. ஆகவே தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே. எங்கோ ஒரு சிறு மாற்றம் வந்தால் அது கலந்து கரையாமல் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிடும். பினாங்கின் பாலிக் புலாவ் தோட்டக்காரர்களுக்கு இது புதிதில்லை. மங்குஸ்தானும் இதே வகைதான், சேர்க்கை இல்லாமல் விதை வைக்கும், கொட்டையிலிருந்து முளைத்த மரம் தாயைப்போலவே காய்க்கும்.

பட்டாணியில் பரம்பரை விதி கண்ட மெண்டல் அடுத்து ஹியராசியத்தைக் கையில் எடுத்து மாட்டிக்கொண்டார். 1869-ல் அவர் வாசித்த முடிவுகள் பட்டாணியோடு ஒத்துப்போகவில்லை. கலப்புப் பிள்ளைகள் பிரியாமல் அப்படியே இருந்தன. காரணம் இந்தச் சேர்க்கையில்லா விதைதான் என்று தெரியவந்தது அவர் இறந்த பிறகு, 1900-களின் தொடக்கத்தில். (அவர் கையாண்டவற்றில் பல இப்போது பிலோசெல்லா என்ற தனிப் பேரினத்துக்குப் போய்விட்டன.)

இப்படிப்பட்ட செடியில் எதை இனம் என்று சொல்வது என்பதிலேயே தகராறு. பிரிட்டனிலும் ஸ்காண்டிநேவியாவிலும் நிலையாக இருக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி இனப்பெயர். மத்திய ஐரோப்பாவில் பெரிய இனமாகக் கூட்டி, உள்ளே துணையினங்களாகப் பிரிக்கும் மரபு. என்னைக் கேட்டால் இரண்டும் சரி. எந்த வழியில் போகிறீர்கள், ஏன் என்று கட்டுரையில் வெளிப்படையாக எழுதாமல் விடுவதுதான் தப்பு. நம் காட்டுச் செடிக்கும் இது பொருந்தும்: "இவ்வளவு வித்தியாசம் இருந்தால் தனி இனம்" என்ற உங்கள் அளவுகோலை ஒரு வாக்கியத்திலாவது சொல்லிவிடுங்கள்.

ஹியராசியம் விவரிப்பவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் தெரியுமா? பூக்கும் நேரத்தில் அடியிலைகள் உயிரோடு இருக்கின்றனவா, வாடிவிட்டனவா. தண்டில் எத்தனை இலை. பூத்தலையை அடியில் தாங்கும் பச்சைச் செதில்களில் முடி எத்தகையது: சாதா முடியா, நுனியில் உருண்டையுள்ள சுரப்பி முடியா, நட்சத்திரம் போல் கிளைத்த நுண்முடியா, ஒவ்வொன்றும் எவ்வளவு அடர்த்தி. சூலகத்தண்டு மஞ்சளா, கறுத்ததா. மகரந்தம் உண்டா இல்லையா. பத்து மடங்கு கைலென்ஸ் இல்லாமல் இதில் பாதி கண்ணுக்கே தெரியாது. பிறகு விதை எடுத்து தோட்டத்தில் வளர்த்து, வேறு மண்ணிலும் அந்த வித்தியாசம் மாறாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் குரோமோசோம் எண்ணிக்கை. இந்தக் கண்டிப்பில் பாதியை ஒரு பினாங்கு பிகோனியாவுக்குக் காட்டினால்கூடக் கட்டுரை கெட்டியாகிவிடும்.

விவரணை எழுதுவது

இரண்டு எழுத வேண்டும். ஒன்று முழு விவரணை, மற்றது வேறுபாட்டுக் குறிப்பு.

விவரணை வேரிலிருந்து விதைவரை ஒரே வரிசையில் போகும். தந்தி பாஷை, வினைச்சொல் கிடையாது. "அழகான", "சிறிய", "ஓரளவு" போன்ற சொற்களுக்கு இடமில்லை. எல்லாம் அளவு. இலை நீளம் 4–6 செ.மீ., எப்போதாவது 3, எப்போதாவது 8 என்றால் (3–)4–6(–8) என்று எழுதும் வழக்கம். ஒரே செடியில் பத்து இலை அளப்பதைவிடப் பத்துச் செடியில் ஓர் இலை அளப்பது மேல். பச்சையாக அளந்ததா, காய்ந்த பிறகா என்பதையும் குறியுங்கள். பூ காயும்போது கணிசமாகச் சுருங்கும், ஒப்பிடும் இனத்தைக் காய்ந்த மாதிரியில் அளந்துவிட்டு உங்கள் செடியைப் பச்சையாக அளந்தால் இல்லாத வித்தியாசம் முளைத்துவிடும்.

வேறுபாட்டுக் குறிப்பு இரண்டு மூன்று வாக்கியம்தான், ஆனால் அதற்குத்தான் அதிக நேரம் போகும். நெருங்கிய இனம் எது, அதனோடு எதில் ஒத்துப்போகிறது, எந்த எந்த இடத்தில் பிரிகிறது. ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் எதிர்ப்பக்க அளவையும் சொல்ல வேண்டும்: "காம்பில் சுரப்பி முடி உண்டு, அதில் முடியே இல்லை" என்பது போல. ஒரே ஒரு வித்தியாசத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் இனம், ஆய்விதழ் மற்ற நிபுணர்களிடம் அனுப்பிக் கருத்துக் கேட்கும் பரிசீலனையில் அடி வாங்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத உறுப்புகளில் மூன்று நான்கு வித்தியாசம் கிடைத்தால் தைரியமாக இருக்கலாம். மரபணுவும் சேர்ந்தால் பலம், ஆனால் அது இல்லாமலும் இனம் விவரிக்கலாம், விதி அதைக் கேட்பதில்லை.

கோட்டோவியம் ஒன்று வேண்டும். இத்தனை கேமரா வந்த பிறகும் முடியின் வகை, சூலகத்தின் உள்ளமைப்பு இவற்றைக் காட்ட வரைபடத்தை மிஞ்சியது இல்லை. வரையத் தெரிந்த நண்பர் இருந்தால் அவரைக் கூட்டாசிரியராகச் சேர்ப்பது நியாயம்.

பெயரும் விதியும்

பெயரை முன்கூட்டியே மனசில் வைத்துக்கொண்டு அலைவது எல்லோரும் செய்வது. வைத்துக்கொள்ளுங்கள், வெளியில் சொல்லாதீர்கள். முறையாக வெளியாவதற்கு முன் முகநூலிலும் மின்னல் எப்எம் பேட்டியிலும் பெயர் உலவினால், விவரணை இல்லாத வெற்றுப் பெயராக அது சுற்றிக் குழப்பம் உண்டாக்கும்.

எந்த மொழிச் சொல்லிலிருந்தும் பெயர் எடுக்கலாம், தமிழ் உட்பட, லத்தீன் உருவம் கொடுத்தால் போதும். ஊர்ப்பெயரென்றால் "-என்சிஸ்" என்று முடியும். ஒருவரைக் கௌரவித்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஈறு மாறும். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் செய்தவரை ஊர் சிரிக்கும். என் விருப்பத்தைச் சொன்னால், முடியைப் பற்றியோ இலையைப் பற்றியோ சொல்லும் பெயரே நல்லது, காட்டில் செடியை அடையாளம் காணவும் உதவும். அதே பேரினத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே எங்கேயாவது, ஆப்பிரிக்காவிலோ பிரேசிலிலோ, இருக்கிறதா என்று தாவரப் பெயர்களின் சர்வதேச அட்டவணையில் பாருங்கள். இருந்தால் உங்கள் பெயர் செல்லாது.

பெயர் செல்ல வேண்டுமானால் சில நிபந்தனைகள் உண்டு. டைப் எது என்று ஒரே மாதிரியைக் குறிப்பிட வேண்டும், இது 1958 முதல். அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், இது 1990 முதல். விவரணையோ வேறுபாட்டுக் குறிப்போ லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். 1935 தொடங்கி 2011 முடிய லத்தீன் மட்டுமே கட்டாயமாக இருந்தது, 2012-ல்தான் ஆங்கிலத்தைச் சேர்த்தார்கள். தமிழில் எழுதினால் கணக்கில் வராது, அதனால் தமிழ்க் கட்டுரையைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அதே 2012 முதல் தொடர் எண்ணோ (ISSN) நூல் எண்ணோ (ISBN) உள்ள பிடிஎஃப் வெளியீடும் செல்லும். வலைப்பக்கமோ முகநூல் பதிவோ செல்லாது. இந்த விதிகளை ஆறேழு வருஷத்துக்கு ஒருமுறை கூடும் உலகத் தாவரவியல் மாநாடு திருத்தும். 2017-ல் ஷென்ஜென், 2024-ல் மாட்ரிட்.

டைப் மாதிரியை நம் நாட்டிலேயே வையுங்கள். கெப்போங் நல்ல இடம். பிரதிகளை சிங்கப்பூர், கியூ, நெதர்லாந்தின் லைடன் என்று பிரித்து அனுப்பலாம், அனுமதிக் கடிதத்தில் அதற்கு இடமிருந்தால்.

ஆபத்து நிலை

கட்டுரையில் பாதுகாப்பு நிலை பற்றி ஒரு பத்தி எதிர்பார்ப்பார்கள். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் அளவுகோலில் வளர்ந்த செடிகள் 50-க்குக் குறைவென்றால் அது மட்டுமே மிக ஆபத்தான நிலைக்குப் போதும். பரப்பளவை வைத்துச் சொன்னால், இரண்டு கிலோமீட்டர் கட்டங்களாகக் கணக்கிட்டு 10 சதுர கிலோமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும், கூடவே ஒரே இடம், எண்ணிக்கையோ வாழிடமோ தொடர்ந்து குறைவது போன்ற நிபந்தனைகளில் குறைந்தது இரண்டு சேர வேண்டும். ஒரே இடத்தில் பார்த்தோம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மிக ஆபத்து என்று எழுதாதீர்கள். பக்கத்து ஓடைகளில் தேடினீர்களா என்று பரிசீலகர் கேட்பார். தேடிக் கிடைக்காத இடங்களையும் பட்டியலிடுங்கள்.

வெளிவந்த பிறகு

பரிசீலகர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்புவது வழக்கமான காரியம். அவர்கள் சொன்ன மாதிரியைப் போய்ப் பார்த்துவிட்டு, பார்த்தேன் என்று எழுதி மறுபடி அனுப்புங்கள்.

வெளிவந்ததும் பழைய உறைகளில் பெயரில்லாமல் கிடந்த மாதிரிகளுக்குப் புதிய பெயரோடு அடையாளச் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். பெர்மிட் கொடுத்த வன இலாகாவுக்கு ஒரு பிரதி. 2021-ல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதிக்குள் செடி இருந்தால், கொடிமலையை நிர்வகிப்பவர்களுக்கும் ஒன்று. அப்புறம், பாதையோரச் செடியென்றால் இன்னும் ஒருவரைப் பார்த்தாக வேண்டும்: அந்தப் பாதையில் புல்வெட்டும் இயந்திரத்தோடு வரும் ஒப்பந்தக்காரர். அவருக்கு லத்தீன் பெயர் வேண்டாம், கட்டுரையும் வேண்டாம். செடியை நேரில் காட்டி, எந்த மூலையிலிருந்து எந்த மூலைவரை வெட்டக் கூடாது என்று சொல்லி, இரண்டு மரக்குச்சி நட்டு நாடா கட்டிவிட்டு வாருங்கள். அவர் மேற்பார்வையாளரின் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள், ஒப்பந்தக்காரர் மாறினால் புதியவருக்குத் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கும்.